வீட்டு மிச்சத்தில் செய்த டம்ளர் கோஸ்டர்: எது கெட்டால் எங்கே கை வைப்பது

ஒட்டாமல் மிஞ்சிய டைல்ஸ், கிழிந்த ஜீன்ஸ், போன வருஷத்து தினசரி காலண்டர் அட்டை, கோணிச் சாக்கு, வலைக் கயிறு. இவற்றில் எதை எடுத்தாலும் டம்ளருக்கு அடியில் வைக்கிற கோஸ்டர் ஒரு சாயங்காலத்தில் தயாராகிவிடும். கோளாறு அடுத்த வாரம்தான் தெரிய வரும். வளையும், நாறும், டம்ளரோடு எழும்பி வரும், மேஜையில் வெள்ளை வளையம் விழும். கைவேலை சரியில்லை என்று தூக்கிப் போட வேண்டாம். ஒட்டும்போது தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று பார்க்காமல் விட்டதுதான் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம், அதைச் சரிசெய்துவிடலாம்.

சென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய பக்கமெல்லாம் காற்றிலேயே ஈரம் அதிகம். ஃபிரிட்ஜ் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஃபேனுக்குக் கீழே வைத்தால், புழுக்கமான நாளில் அரை மணி நேரத்தில் ஒரு டீஸ்பூன் அளவுக்கு வேர்த்து வழியும். கோஸ்டரின் வேலை அந்த ஒரு டீஸ்பூன் தண்ணீரைப் பிடித்து வைப்பது. அதற்கு மேல்பக்கம் தண்ணீரைக் குடிக்க வேண்டும், நடுவில் ஓர் அடுக்கு தண்ணீரை மறிக்க வேண்டும், அடிப்பக்கம் மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே பொருளிடம் இந்த மூன்று வேலையையும் எதிர்பார்க்கும் கோஸ்டர்தான் சீக்கிரம் கெடுகிறது.

முதலில் இரண்டு சோதனை

எந்தக் கோளாறாக இருந்தாலும் இந்த இரண்டையும் செய்துவிட்டுக் கீழே படியுங்கள்.

ஈரச் சோதனை: கோஸ்டரைச் செய்தித்தாள் மேல் வைத்து, நடுவில் 2 டீஸ்பூன் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அரை மணி கழித்துத் தூக்கிப் பாருங்கள். தாள் காய்ந்திருந்தால் நடு அடுக்கு நன்றாக இருக்கிறது. வட்டமாக நனைந்திருந்தால் தண்ணீர் ஊடுருவி இறங்குகிறது. ஓரத்தில் மட்டும் நனைந்திருந்தால் மேலே நிற்காமல் வழிகிறது.

சூட்டுச் சோதனை: டவரா டம்ளரில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, டவராவோடு கோஸ்டர் மேல் 10 நிமிடம் வையுங்கள். எடுத்த பிறகு விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம், பிசுக்கு, வாசனை இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கோஸ்டர் குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும்தான்.

டம்ளரை எடுத்தால் கோஸ்டரும் கூடவே வருகிறது

எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன் அடியைப் பாருங்கள். நடுப்பகுதி கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். சுற்றிலும் ஒரு மெல்லிய விளிம்பு மட்டுமே கீழே தொடும். வழிந்த தண்ணீர் அந்த விளிம்பைச் சுற்றி வளையமாக நின்றுவிட்டால் உள்ளே காற்று நுழைய வழி கிடையாது. டம்ளரைத் தூக்கும்போது கோஸ்டரும் பிடித்துக்கொண்டு எழும்பும், பாதி வழியில் வளையம் உடைந்து விழும். அட்டையாக இருந்தால் பரவாயில்லை. டைல்ஸாக இருந்தால் விழுவது கால் விரலில்.

மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறதா? சன்மைக்கா, வார்னிஷ் அடித்த மரம், பளபளக்கும் டைல்ஸ் மூன்றிலும் இதுதான் முதல் காரணம். அவசரத்துக்கு ஒரு சிட்டிகை தூள் உப்பைத் தூவினால் வளையம் உடைந்துவிடும். அது அன்றைக்கு மட்டும் தாங்கும். மரத்துக்கும் சன்மைக்காவுக்கும் 120 நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் நிரந்தரமாகத் தீரும்.

ரொம்ப லேசாக இருக்கிறதா? 10 செ.மீ. சதுரக் காலண்டர் அட்டை ஒன்று 15 கிராம் தேறினால் அதிகம். இரண்டு மூன்று அட்டைகளைச் சேர்த்து ஒட்டினாலும் எடை போதாது. மேலே துணி ஒட்டுவதுதான் அட்டைக்கு வழி. துணி ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வளையமே உருவாகாது.

மேற்பூச்சு காயவில்லையா? தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இளகலாக இருக்கும். கட்டைவிரலை 10 விநாடி அழுத்தி எடுங்கள். ரேகை பதிந்தால் காயவில்லை என்று அர்த்தம். வார்னிஷ் தொடும் பக்குவத்துக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். முழு இறுக்கம் பிடிக்க ஒரு வாரம் ஆகும். அதுவரை டம்ளர் வைக்க வேண்டாம்.

டைல்ஸ் கோஸ்டருக்கு இவை எதையும் விட நல்ல வழி ஒன்று உண்டு: கவிழ்த்து வைப்பது. டைல்ஸின் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உடனே உள்ளே மறைந்தால் அது சுவர் டைல்ஸ். தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீரைக் குடிக்கக்கூடியது. 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று 120 கிராம் அளவில் இருக்கும், ஆக இரண்டு டீஸ்பூன் தண்ணீரை அது தாராளமாக இழுத்துக்கொள்ளும். பின்பக்கத்து வரி வரியான மேடுகள் வளையத்தையும் உடைத்துவிடும். பளபளப்புப் பக்கம் கீழே போய்விடுவதால் தண்ணீரை மறிக்கும் வேலையும் முடிந்தது. வீட்டு மிச்சத்தில் இத்தனை வேலையைத் தானே செய்கிற பொருள் வேறு கிடையாது. டீக் கறை பிடிக்கும் என்பது ஒன்றே குறை.

சொட்டு அப்படியே முத்தாக நின்றால் அது விட்ரிஃபைடு தரை டைல்ஸ். அது தண்ணீரைக் குடிக்காது, கவிழ்த்தும் பயனில்லை. அதற்கு மேலே துணி ஒட்டுங்கள், அல்லது பார்சல் கட்டும் சணல் நூலை மூன்று நான்கு வரியாகக் குறுக்கே ஒட்டுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: டைல்ஸை வெட்ட வேண்டியிருந்தால். சுத்தியலால் தட்டி உடைத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், மேஜைத் துணியையும் கையையும் கிழிக்கும். தெருவில் எங்காவது டைல்ஸ் வேலை நடந்தால் கட்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்து 10 செ.மீ. சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பை 80 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பழைய கூரையிலிருந்து கழற்றிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் டைல்ஸ் மாதிரி இருக்கிறதே என்று தொடாதீர்கள். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் தூள் நுரையீரலைக் கெடுக்கும். அதை எந்த வடிவத்திலும் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவரக் கூடாது.

மேஜை நனைகிறது, வளையத் தடம் விழுகிறது

கோஸ்டருக்கு வெளியே ஈரம் என்றால்

அளவு போதவில்லை. சாதாரண டம்ளரின் அடி 6 முதல் 7 செ.மீ. இருக்கும். கோஸ்டர் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. டவரா வைப்பதாக இருந்தால் டவராவின் அடியை அளந்து, சுற்றிலும் ஒரு விரல் அகலம் கூட்டிக்கொள்ளுங்கள். மேற்பரப்பு தண்ணீரைக் குடிக்காத வகை என்றால் ஓரத்தில் கரை கட்டினால் போதும். 4 அல்லது 5 மி.மீ. தடிமனுள்ள கயிற்றை விளிம்பைச் சுற்றி ஒட்டிவிடலாம்.

கோஸ்டருக்கு நேர் கீழே ஈரம் என்றால்

நடு அடுக்கு இல்லை, அல்லது ஓட்டை. துணி, சாக்கு, கயிறு, செய்தித்தாள் சுருள் எல்லாமே தண்ணீரைக் குடிக்கும், குடித்ததை அப்படியே கீழே கடத்தும். இதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை, பால் கவர் போதும்.

பால் கவரைப் பிரித்து, சோப்புப் போட்டுக் கழுவி, முழுக்கக் காய வையுங்கள். பால் பிசுக்கு இருந்தால் பின்னால் நாறும். இரண்டு கவரை அச்சடித்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்கி, மேலே ஒரு பருத்தித் துணி, கீழே ஒரு பருத்தித் துணி வையுங்கள். கவர் துணியை விட எந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் அயர்ன் பாக்ஸில் ஒட்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, அயர்ன் பாக்ஸை சில்க் அளவில் வைத்து 10 முதல் 15 விநாடி அழுத்துங்கள், இழுக்க வேண்டாம். திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே மாதிரி. ஆறிய பிறகு ஒரு மூலையை உரித்துப் பாருங்கள். துணி சுலபமாகப் பிரிந்தால் இன்னொரு தடவை அழுத்துங்கள். துணியின் மேலே பிளாஸ்டிக் மினுங்கினால் சூடு அதிகம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இப்படிச் செய்தால் பசையே வேண்டாம். பால் கவரில் எந்த வெள்ளைப் பசையும் பிடிக்காது. அதனால்தான் ஒட்டிய கோஸ்டரில் கவர் மட்டும் தனியாகக் கழன்று வருகிறது.

தைத்த கோஸ்டர் ஒழுகினால் ஊசி ஓட்டையைப் பாருங்கள். நடுவில் அழகுக்குப் போட்ட குறுக்குத் தையல் ஒவ்வொன்றும் கவரில் வரிசையாக ஓட்டை போட்டிருக்கும். தையல் எல்லாம் விளிம்பிலிருந்து 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நடுவில் தையல் வேண்டுமென்றால் மேல்துணியை மட்டும் முதலில் தைத்துவிட்டுப் பிறகு கவரோடு சேருங்கள்.

தடம் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றால்

வெள்ளைத் தடம், கறுப்புத் தடம் என்று இரண்டு வகை. வெள்ளை என்றால் ஈரம் பாலிஷுக்குள் மட்டும் சிக்கியிருக்கிறது. பருத்தித் துணியை நாலாக மடித்துத் தடத்தின் மேல் போட்டு, அயர்ன் பாக்ஸைக் குறைந்த சூட்டில் 5 விநாடி வைத்து எடுங்கள். துணியைத் தூக்கிப் பார்த்து, மறுபடி 5 விநாடி. நாலைந்து தடவையில் மங்கிவிட்டால் சரி. அசையவில்லை என்றால் அதோடு நிறுத்துங்கள், மேலும் சூடு காட்டினால் பாலிஷ் பொங்கும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: தடம் கறுப்பாக இருந்தால் தண்ணீர் மரத்தையே தொட்டுவிட்டது. பாலிஷை எடுத்து, தேய்த்து, மறுபடி பாலிஷ் போட வேண்டும். அது பாலிஷ்காரர் வேலை. மேஜையின் மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள் குமிழ் விட்டிருந்தாலும், பார்ட்டிகிள் போர்டு மேஜையின் ஓரம் ஊதியிருந்தாலும் ஆசாரியைக் கூப்பிடுங்கள். ஊதிய போர்டு திரும்ப அமுங்காது, அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

கோஸ்டர் வளைந்துவிட்டது, டம்ளர் ஆடுகிறது

கண்ணாடியின் மேல் வைத்து ஒரு மூலையை அமுக்குங்கள். எதிர் மூலை எழும்பும் உயரம் 1 மி.மீ.க்குள் என்றால் விட்டுவிடலாம். 2 மி.மீ.க்கு மேல் போனால் டம்ளர் ஆடும்.

அட்டையில் ஒரு பக்கம் மட்டும் துணியோ தாளோ ஒட்டியிருந்தால் வளைவு நிச்சயம். ஈரமான பசை காயும்போது சுருங்கும், சுருங்கும் பக்கம் அட்டையை இழுக்கும். மேலே என்ன ஒட்டினீர்களோ அதே தடிமனில் கீழேயும் ஒட்டுங்கள். கல்யாணப் பத்திரிகையை மேலே ஒட்டினால் கீழேயும் ஒரு பத்திரிகை. அதற்கான பசையும் மேலே போட்ட அளவே இருக்கட்டும்.

அட்டைக்குள்ளும் ஒரு போக்கு உண்டு. ஒரு பக்கம் சுலபமாக மடியும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். இரண்டு அட்டையைச் சேர்த்து ஒட்டும்போது இரண்டின் சுலபப் பக்கமும் ஒரே திசையில் வர வேண்டும்.

ஃபேனுக்கு அடியில் காய வைப்பது அடுத்த காரணம். மேல்பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து வளையும். ஒட்டிய கையோடு இரண்டு பாலித்தீன் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு தட்டையான பலகை, அதன் மேல் 5 கிலோ அரிசிப் பை. அம்மிக்கல்லும் கனம்தான், ஆனால் கனம் ஒரே இடத்தில் நிற்கும். அரிசிப் பை படிந்து உட்கார்ந்து எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

ஏற்கெனவே வளைந்ததை நிமிர்த்த, குழிந்த பக்கத்தில் ஈரத்துணியால் லேசாக ஒற்றி, அதே மாதிரி பாரம் வையுங்கள். ஒரு தடவை நிமிரும். மறுபடி வளைந்தால் அட்டையின் அடுக்கு உள்ளே பிரிந்துவிட்டது, புதிதாகச் செய்துகொள்ளுங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் நிறைய. பைண்டிங் அட்டை அங்கே வாங்கலாம். ஆனால் வீட்டில் பழைய காலண்டர் இருக்கும்வரை அதற்கு அவசியமில்லை.

செய்தித்தாள் சுருள் கோஸ்டர் கிண்ணம் மாதிரி குவிந்தால் சுற்றும்போது இழுத்துப் பிடித்ததுதான் காரணம். பசை ஈரமாக இருக்கும்போதே உள்ளங்கையால் தட்டையாக அழுத்தி, உடனே பாரம் வைக்க வேண்டும். காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

நாற்றம், கறுப்புப் புள்ளி, எப்போதும் நமநம ஈரம்

ஐப்பசி, கார்த்திகையில் வரும் கோளாறு இது. துணி, சாக்கு, கயிறு மூன்றுக்கும் பொது.

ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுக்கின் நடுவில் இருப்பது காயவே காயாது. ராத்திரி பாத்திர ஸ்டாண்டில் தட்டு மாதிரி நிற்க வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

புள்ளி விழுந்த பருத்தித் துணியை, கவர் சேர்க்காத வகையாக இருந்தால், கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம் போட்டெடுத்து வெயிலில் காய வையுங்கள். சாக்கையும் கயிற்றையும் வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, இரண்டு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். புள்ளியின் கறை போகாவிட்டாலும் பரவாயில்லை, நாற்றம் போனால் போதும். நாற்றம் திரும்பி வந்தால் பூஞ்சணம் உள்ளே இறங்கிவிட்டது. அதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும், அதன் மேல் வார்னிஷ் அடித்து மூடாதீர்கள்.

எதில் ஒட்டினீர்கள் என்பது அடுத்தது. மைதாப் பசையில் ஒட்டிய கோஸ்டர் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்காது. கரப்பானும் எறும்பும் கூடவே வரும். சுவரொட்டிப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பூச்சி வராமல் இருக்கத்தான். ஆனால் துத்தம் விஷம், டம்ளர் வைக்கிற இடத்துக்கு அது கூடவே கூடாது. மைதாப் பசையை விட்டு வெள்ளைப் பசைக்கு மாறுங்கள்.

காசிமேட்டுப் பக்கம் கிடைக்கும் பழைய வலைக் கயிற்றுக்கு மட்டும் தனிக் குணம் ஒன்று உண்டு. எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் சாயங்காலம் கடல் காற்று எழும்பினால் மறுபடி நமநமவென்று ஆகிவிடும். கயிற்றுக்குள் ஏறியிருக்கும் உப்புதான் காரணம். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். கயிற்றை ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, அந்தத் தண்ணீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வற்ற விடுங்கள். தட்டில் வெள்ளைப் படிவு மிஞ்சினால் உப்பு இன்னும் இருக்கிறது. சாதாரணக் குழாய்த் தண்ணீரும் கொஞ்சம் படிவு விடும் என்பதால் பக்கத்தில் இன்னொரு தட்டில் வெறும் தண்ணீரையும் வற்ற வைத்து ஒப்பிடுங்கள். மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஊற வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மீன் வாசனையும் உப்போடு போகும்.

மேற்பூச்சு பிசுபிசுக்கிறது, வெளுத்துவிட்டது

வெளுப்பு என்றால் அடித்த நேரத்தைப் பாருங்கள். மழை நாளிலோ சாயங்காலமோ அடித்த ஸ்பிரிட் பாலிஷும் லேக்கரும் காற்றின் ஈரத்தைப் பிடித்துப் பால் மாதிரி வெளுக்கும். வெயில் நாளில் காலை பத்து மணிக்கு மேல், கடல் காற்று திரும்புவதற்குள் அடித்து முடியுங்கள். லேசான வெளுப்பு காய்ந்த நாளில் இன்னொரு மெல்லிய கை அடித்தால் தெளியும்.

பிசுபிசுப்பு என்றால் முதல் கை காயும்முன் இரண்டாவது கை அடித்திருப்பீர்கள். ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். குறையவில்லை என்றால் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிசாக மறுபடி அடியுங்கள். வெள்ளைப் பசையையே மேற்பூச்சாகத் தடவியிருந்தால் காத்திருந்து பயனில்லை. தண்ணீர் பட்டதும் அது வெளுத்து இளகும். அதற்கு மேல் வார்னிஷ் இரண்டு கை தேவை.

ரெசின், அதாவது இரண்டு பாட்டில் திரவத்தைக் கலந்து ஊற்றி இறுக வைக்கும் பிளாஸ்டிக், பிசுபிசுத்தால் அந்த இரண்டின் விகிதம் தவறியிருக்கிறது. எத்தனை நாள் வைத்தாலும் அது இறுகாது. டப்பாவில் எடைக் கணக்கா, அளவுக் கணக்கா என்று பார்த்து அதன்படியே கலக்க வேண்டும். இறுகாத ரெசினை வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை போட்டுச் சுரண்டி எடுங்கள்.

சூட்டில் பள்ளம் விழுகிறது, வாசனை அடிக்கிறது

க்ளூ கன்னால் ஒட்டியது, ஃப்ளெக்ஸ் பேனரில் வெட்டியது, ஸ்பாஞ்ச் செருப்பில் செய்தது, ரெசின் ஊற்றியது. இந்த நாலும் ஃபில்டர் காபி டவராவின் சூட்டுக்கு இளகக்கூடியவை. பழைய சி.டி. தகடு சூட்டைத் தாங்கும், ஆனால் அதன் அடியில் துணியைப் பிடித்திருக்கும் க்ளூ கன் பசை தாங்காது.

சரிசெய்ய ஒன்றும் இல்லை, பிரித்து வைப்பதுதான் வழி. இவை மோருக்கும் தண்ணீருக்கும் இருக்கட்டும். காபிக்கு டைல்ஸ், மரத்துண்டு, சணல் சுருள், மூன்று மடிப்பு ஜீன்ஸ். பால் கவர் சேர்த்த துணிக் கோஸ்டர் காபிச் சூட்டைத் தாங்கும், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தாங்காது. மேல்துணி இரண்டு மடிப்பாக இருந்தால் இன்னும் பத்திரம்.

சாயம் கசிகிறது

கட்டம் போட்ட லுங்கித் துணி, சுங்கடி, புது ஜீன்ஸ் மூன்றிலும் வரும். சாயம் கசிவதாலேயே 1960களில் அமெரிக்காவில் பேர் வாங்கிய கட்டம் போட்ட துணிக்கு இந்த ஊர்ப் பெயர்தான், மெட்ராஸ். சட்டையில் அது அழகு. மேஜைக்கு ஆகாது.

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியின் மேல் போட்டு, சூடான அயர்ன் பாக்ஸால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் கசியும். உப்பு, வினிகரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வது இன்றைய சாயங்களுக்கு அவ்வளவாகப் பலிப்பதில்லை. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுவதுதான் ஒரே வழி. ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் விட்டால் அந்தத் துணியை மேலேயோ அடியிலேயோ வைக்க வேண்டாம்.

இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படம் தண்ணீர் பட்டதும் ஓடும். லேசர் பிரிண்டும் கல்யாணப் பத்திரிகை அச்சும் ஓடாது. இங்க்ஜெட் படத்துக்கு மேல் பசையைத் தூரிகையால் தேய்த்தாலே மை கலங்கிவிடும் என்பதால், ஸ்பிரே வார்னிஷ் இரண்டு கை அடித்து, காய்ந்த பிறகே மற்ற வேலை.

பிரிகிறது, நூல் வருகிறது

கயிற்றுச் சுருள் நடுவிலிருந்து பிரிந்தால் முதல் இரண்டு சுற்று தளர்வு. அங்கே பசையை நம்பாமல் ஊசி நூலால் குறுக்கே நாலு தையல் போடுங்கள். 10 செ.மீ. வட்டத்துக்கு 6 மி.மீ. கயிறு ஏறக்குறைய 1.3 மீட்டர் பிடிக்கும், 8 மி.மீ. என்றால் 1 மீட்டர். அளவு தெரியாமல் துண்டு துண்டாகச் சேர்த்த கயிறு, சேர்த்த இடத்தில்தான் பிரியும்.

வலைக் கயிறு நைலானோ பிளாஸ்டிக்கோதான். பசை பிடிக்காது, முழுக்கத் தையல்தான். வெட்டிய முனையை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டி இளக்கி, குச்சியால் அழுத்தினால் பிரியாது. விரலால் அழுத்தாதீர்கள், உருகிய நைலான் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

டைல்ஸின் அடியில் ஒட்டிய துணி உரிந்து வந்தால் தூசி மேல் ஒட்டியிருப்பீர்கள். கழுவி ஒரு நாள் காய வைத்து, ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை 10, 15 நிமிடம் காத்திருந்து அழுத்துங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் பிடிக்காது. ஒட்டிய பிறகு நகர்த்தவும் முடியாது, ஆகவே முதலிலேயே சரியாக வையுங்கள்.

வழுக்குகிறது, மேஜையைக் கீறுகிறது

டைல்ஸ், கிரானைட், கண்ணாடித் துண்டு எதுவானாலும் அடியில் மெத்தென்ற துணி கட்டாயம். பழைய கம்பளி, ஜீன்ஸின் உள்பக்கம், தடித்த டர்க்கி டவல் நன்றாகப் பிடிக்கும். சைக்கிள் டியூப் வழுக்காது என்று பலர் ஒட்டுகிறார்கள். கிரானைட் மேஜையில் வைக்கலாம். பாலிஷ் போட்ட மரத்தில் நாள்பட வைத்தால் ரப்பரில் உள்ள எண்ணெய்ச் சத்து பாலிஷுக்குள் இறங்கிக் கறையாகும், தேய்த்தாலும் போகாது.

துணி ஒட்டிய பிறகும் கீறினால் துணி விளிம்புவரை வரவில்லை என்று அர்த்தம். கோஸ்டரை விட 2 மி.மீ. பெரிதாக வெட்டி ஒட்டி, காய்ந்த பிறகு பிளேடால் விளிம்போடு சேர்த்து நறுக்குங்கள்.

கண்ணாடித் துண்டு என்றால் விளிம்பை வீட்டில் தேய்க்க வேண்டாம். தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அளவு எழுதிக் கொடுத்தால் மிஷினில் தேய்த்து மூலையையும் மழுக்கித் தருவார்கள். வாங்கும்போது விளிம்பைச் சுற்றிலும் ஒரு பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு எங்காவது சிக்கினால் அந்த இடத்தை மறுபடி தேய்க்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அடித்துணியை ஒட்டுங்கள்.